பையனுக்கு என்ன குறை?

திருப்பத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. தலைவலி மாத்திரைக்காக நான் நின்றுகொண்டிருந்தேன். அருகில் வந்து நின்ற ஓர் அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"முட்டை வருதான்னு பார்க்கிற குச்சி இருக்குதா தம்பி? மருமகளுக்கு. மூணு வருஷம் ஆச்சு."

கடைக்காரர் பெட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "உங்க மகனுக்கு டெஸ்ட் பார்த்தீங்களாம்மா?" என்றார்.

"அவனுக்கு என்னப்பா குறை? ராஜா மாதிரி இருக்கான்!"

இந்த ராஜாக்களைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

குச்சியின் மேல் எனக்குக் கோபமில்லை. கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால் பெண்ணின் உடம்பில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று பெருகுகிறது. சிறுநீரில் அதைக் கண்டுபிடித்துக் கோடு காட்டுகிறது குச்சி. அதற்குப்பின் ஏறக்குறைய 24 மணியிலிருந்து 36 மணிக்குள் முட்டை வரலாம். வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள்தான். ஆணின் உயிரணுவோ 5 நாள் வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்திய நாட்களே முக்கியம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிற கணவன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முட்டைக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது.

பதினாலாம் நாள் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. அது 28 நாளுக்கொரு முறை விலக்காகிற பெண்ணுக்குத்தான் பொருந்தும். 35 நாள் ஆகிறவளுக்கு முட்டை 21ஆம் நாளையொட்டி வரும். 1920களிலேயே ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் தனித்தனியே இந்தக் கணக்கை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

குச்சியைப் படிப்பதிலும் ஒரு சங்கடம். கர்ப்பம் பார்க்கிற குச்சியில் மங்கலான கோடு விழுந்தாலும் 'உண்டு' என்றே கொள்ளலாம். இதில் அப்படியல்ல, பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ விழ வேண்டும். நீர்க்கட்டி இருக்கிற சில பெண்களுக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே மிகுந்திருக்கும். குச்சி நாள் தவறாமல் பொய் சொல்லும். கருக்குழாய் அடைத்திருந்தால் – நம் நாட்டில் அதற்குக் காசநோயும் ஒரு காரணம் – குச்சிக்கு அது தெரியவே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் குறை, தனியாகவோ பெண் பக்கத்துக் குறையோடு சேர்ந்தோ, இருக்கிறது. ஆறடி உயரமும் முறுக்கு மீசையும் அதற்குச் சாட்சியாகாது. தாம்பத்தியத்தில் எந்தத் தளர்ச்சியும் இல்லாதவனுக்கு உயிரணு ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். ஆண்மை வேறு, உயிரணு வேறு. 'மலடி' என்ற சொல்லை நான் நூறு வாய்களில் கேட்டிருக்கிறேன். 'மலடன்' என்ற சொல்லும் தமிழில் இருக்கத்தான் இருக்கிறது. அகராதியில் பத்திரமாக இருக்கிறது!

வேடிக்கையைப் பாருங்கள். ஆணின் உயிரணுவை ஹாலந்து நாட்டு ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் 1677இல் தம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார். பாலூட்டிகளின் முட்டையை வான் பேர் கண்டது 1827இல்தான். முதலில் அகப்பட்டவன் ஆண். நம் வீடுகளிலோ கடைசி வரை அவன் அகப்படுவதேயில்லை. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 93 அங்குல ஆடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் வானத்தை ஆராய்கிறது. அந்த மலையடிவாரத்து வீட்டுப் பிள்ளையை, ஒரு துளியைச் சிறு கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்க்கக் கொடு என்றால் மானம் போய்விடுகிறதாம்!

மருமகளுக்கு மானமில்லையா? மாதாமாதம் அவள் சிறுநீரையும் கோட்டையும் வீடே விசாரிக்கிறது. ஊசி, ஸ்கான், சில சமயம் அறுவைச் சிகிச்சை வரைக்கும் அவள் போகிறாள். அவன் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிஞ்சாமல் விலகியிருந்துவிட்டு ஒரு சிறு பாத்திரத்தை ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதுதான். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறே மாதத்தில், இருவருமே டாக்டரிடம் போக வேண்டும். இருவருமே என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கடைக்காரர் நல்லவர். "எதிரிலேயே லேப் இருக்கும்மா, மகனை ஒரு தடவை அனுப்பி வையுங்க" என்றார். அந்த அம்மாள் காது கேளாதவள்போல் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டாள். பெட்டியை மஞ்சள் பையின் அடியில் வைத்து, மேலே வெற்றிலைக் கட்டை மூடிவிட்டு, ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.