தொலைக்காட்சிக்குக் காவல் நின்ற வாத்தியாரம்மா



"சார், டிவியில வர்ற இந்தக் கண்றாவிய எல்லாம் யாரும் தட்டிக் கேக்க மாட்டாங்களா?" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இந்தக் கேள்வி எழாத ஆண்டே இல்லை. கேட்பவர் பெரும்பாலும் பாட்டிமார்கள். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் காலமெல்லாம் உழைத்தவர்கள். பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தாமே!

தட்டிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், பாட்டி. அவர்களுள் முப்பது ஆண்டுகள் விடாமல் கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். அவரும் என்னைப் போல் பள்ளிக்கூடத்தில் சாக்கட்டி பிடித்தவர். ஆகவே எழுத்தில் கொஞ்சம் பாசம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் மேரி வைட்ஹவுஸ். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் மேட்லி என்ற ஊர்ப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஒழுக்கம், உடல் பற்றிய பாடங்களைச் சொல்லித்தரும் பொறுப்பும் அவருடையதே. 1963-ஆம் ஆண்டு, ஒரு மந்திரியின் கள்ள உறவு அம்பலமாகி இங்கிலாந்தே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். தொலைக்காட்சியில் பார்த்ததையும் கேட்டதையும் பிள்ளைகள் பள்ளியில் நடித்துக் காட்டவே, அம்மையார் திடுக்கிட்டார். வகுப்பறையில் தாம் ஒன்று சொல்ல, வீட்டுக் கூடத்தில் இருக்கும் பெட்டி வேறொன்று சொல்கிறதே என்பதுதான் அவருடைய கவலை. கிறிஸ்துவ நம்பிக்கையில் ஊறியவர் அவர். பி.பி.சி. நிறுவனம் வீடுகளுக்குள் அழுக்கையும் அவநம்பிக்கையையும் கொண்டுவந்து கொட்டுகிறது என்று முடிவு கட்டினார்.

ஒரு பாதிரியாரின் மனைவியான நோரா பக்லண்ட் அம்மையாரோடு சேர்ந்து, 1964-இல் தொலைக்காட்சியைத் தூய்மைப்படுத்தும் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு மே 5-ஆம் நாள் பர்மிங்காம் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எவ்வளவு பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று பலரும் நினைத்திருக்க, 2,000 பேருக்கு மேல் திரண்டார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். பிறகு சுமார் 500,000 கையெழுத்துகள் சேர்ந்தன. வாத்தியாரம்மா வேலையை விட்டுவிட்டு இயக்கத்தில் முழுநேரமாக இறங்கினார். 1965-இல் அது தேசிய நேயர் சங்கமாக உருவெடுத்தது.

அந்நாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் சர் ஹியூ கிரீன். அம்மையாரைச் சந்திக்கவே மறுத்தார். போதாததற்கு, அவரை அலங்கோலமாக வரைந்திருந்த ஓவியம் ஒன்றை விலைகொடுத்து வாங்கியும் வைத்துக்கொண்டார்! படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள். நாட்டுப்புறத்து ஆசிரியை ஒருத்தி கேள்வி கேட்டால் இப்படித்தான் செய்வதா? அம்மையாரின் கருத்துகளில் பாதிக்குமேல் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் இந்த இடத்தில் நான் அவர் பக்கந்தான்.

அம்மையாருடைய பலம் எது தெரியுமா? பார்த்து, குறித்து, எழுதுவது. என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணி, திரையில் வந்தது என்ன என்று சங்கத்தார் முறை வைத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். 1976 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். 'டாக்டர் ஹூ' என்று பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஒரு வாரத் தொடர். கதாநாயகனின் தலையை எதிரி தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறான். படம் அப்படியே அசையாமல் நிற்க, அந்த வாரப் பகுதி முடிந்துவிடுகிறது. அடுத்த சனிக்கிழமை வரை ஒரு சின்னப்பிள்ளையின் மனத்தில் அவர் தண்ணீருக்குள்ளேயே கிடப்பார் அல்லவா என்று கேட்டார் அம்மையார். சரியான கேள்வி. அப்போதைய தலைமை இயக்குநர் சர் சார்லஸ் கரன் வருத்தம் தெரிவித்தார். நாடாவிலிருந்து அந்த உறைந்த காட்சியும் வெட்டப்பட்டது.

இரவு 9 மணிக்கு முன் பிள்ளைகளுக்கு ஆகாததைக் காட்டலாகாது என்ற ஒழுங்கு பிரிட்டனில் 1960-களில் வேரூன்றியது. அது இவர் ஒருவரால் வந்ததன்று. ஆனால் அதை மீறும்போதெல்லாம் கூச்சல் போட ஓர் ஆள் இருந்தார்.

பார்த்ததைச் சொல்வதோடு அம்மையார் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பத்திரிகை மீதும் நாடக இயக்குநர் மீதும் வழக்குப் போட்டார். 1982-இல் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு நாடகத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பார்த்து வந்து சாட்சி சொன்ன வழக்கறிஞரோ அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்! வழக்கு பாதியிலேயே கைவிடப்பட்டது. இன்னொரு சம்பவம் இதைவிட வேதனை. 1986-இல் டென்னிஸ் பாட்டர் எழுதிய ஒரு தொலைக்காட்சித் தொடரில், ஒரு தாய் வேற்று ஆடவனோடு இருப்பதை அவள் மகன் பார்த்துவிடுவதாகக் காட்சி. அது அந்த எழுத்தாளரின் சொந்தத் தாய்க்கே நேர்ந்தது போல அம்மையார் வானொலிப் பேட்டி ஒன்றில் பேசிவிட்டார். கதையை வாழ்க்கையென்று கொண்டதால் வந்த வினை. அந்தத் தாய் வழக்குத் தொடுத்தார். பேட்டியை ஒலிபரப்பிய பி.பி.சி. நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் வேறு வழியைப் பிடித்தார்கள். மிசிசிப்பி மாநிலத்து மெதடிஸ்ட் பாதிரியார் டொனால்ட் வைல்ட்மன் 1977-இல் ஒரு சங்கம் கண்டார். நிலையத்துக்குக் கடிதம் எழுதி ஆவதென்ன, நிகழ்ச்சிக்குக் காசு தருகிற சோப்புக் கம்பெனியைப் பிடி என்றார். உங்கள் சோப்பை வாங்க மாட்டோம் என்று குடும்பங்கள் சொன்னால் கம்பெனி நடுங்காதா? நடுங்கத்தான் செய்தது. சோப்பு வியாபாரத்தில் பெரும்புள்ளியான பிராக்டர் அண்ட் கேம்பிள், சுமார் 50 நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரத்தை விலக்கிக்கொண்டதாக அதன் தலைவரே 1981-இல் சொன்னார். இது எனக்கு உவப்பாயில்லை. சோப்புக்காரருக்கு நல்லது கெட்டதா தெரியும்? விற்பனைதான் தெரியும். இன்று ஆபாசத்துக்குப் பயந்து விலகுகிறவர், நாளை ஏழைகளின் உண்மைக் கதையைச் சொல்லும் நிகழ்ச்சிக்கும் பயந்து விலகுவார்.

இனி நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

வைட்ஹவுஸ் அம்மையாரின் சங்கம் நல்ல நிகழ்ச்சிகளைப் பாராட்டி விருதும் கொடுத்து வந்தது. 1977-இல் அந்த விருதைப் பெற்றவர் ஜிம்மி சாவில். பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்கும் ஆசைகளை நிறைவேற்றி வைப்பதுதான் அவருடைய நிகழ்ச்சி. கெட்ட வார்த்தை கிடையாது, அரைகுறை ஆடை கிடையாது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். 2011-இல் அவர் இறந்தார். மறு ஆண்டே உண்மை வெளிவரத் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளையும் இளம்பெண்களையும், மருத்துவமனை நோயாளிகளையுங்கூட, அவர் சீரழித்திருந்தார். பி.பி.சி. பணியோடு தொடர்புள்ள வகையில் மட்டும் 72 பேர் பாதிக்கப்பட்டதாக 2016-இல் விசாரணை அறிக்கை கூறியது.

இதற்காக அம்மையாரைக் குற்றம் சொல்லவில்லை. நாடே ஏமாந்திருந்தது. ஆனால் திரையில் வந்த வசைச் சொற்களை எண்ணியவர்கள், திரைக்குப் பின்னால் அழுத பிள்ளையின் குரலைக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் அப்போதே பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "அவ்வளவு நல்ல மனிதரையா?" என்று நம்பாமல் விட்டார்கள். நம் தோட்டத்திலும் 'அவ்வளவு நல்ல மனிதர்' என்று பெயர் எடுத்தவர்கள் உண்டல்லவா? மாமா, அண்ணன், ஐயா என்று வீட்டுக்குள் வந்து போகிறவர்களைத்தான் சொல்கிறேன். பிள்ளை ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், டிவியை அணைத்துவிட்டு முதலில் அதை விசாரியுங்கள்.

இதனால் டிவியை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு தொடரில் மருமகளை அடிப்பதும் விஷம் வைப்பதும் மாலை வேளையிலேயே வருகிறதென்றால் கேளுங்கள். நிலையத்துக்கு எழுதலாம், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் பொதுமக்களின் புகார்களை ஏற்கிறது. மலாயில் எழுதத் தயக்கமா? இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதித் தரச் சொல்லுங்கள். யாரோ அச்சடித்துத் தரும் தாளில் கையெழுத்துப் போடுவதைவிட அது மேல். முழுப் பகுதியையும் நீங்களே பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்பது செல்லாது.

கைப்பேசிக்கு மட்டும் 9 மணி என்ற கணக்கே இல்லை. அதைப் பற்றி எழுதும்படி மூன்று வாசகியர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எதை, எத்தனை மணிக்கு, யாரோடு சேர்ந்து பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதி அனுப்புங்கள். ஊர் பேர் போட வேண்டாம். நிகழ்ச்சியின் பெயரும் நேரமும் இருந்தால் போதும்.