கவுண்டரில் பிரெஞ்சு பேசலாம், தளத்தில் வேண்டாம்

பெண்டாங்கிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இந்த வாரம். மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். விமான நிலையத்தில் தரைச் சேவை வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். பிரெஞ்சு தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விமானத் துறைக்கான பிரெஞ்சுச் சொற்களை மட்டும் கற்றுத்தரும் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்கிறார்.

வேலை கிடைக்கும் என்பதற்காக என்றால், வேண்டாம் அம்மா. அலோர்ஸ்டாரிலோ பினாங்கிலோ லங்காவியிலோ பெட்டி ஏற்றவும், பயணிகளைப் பதியவும், விமானத்துக்குச் சைகை காட்டி நிறுத்தவும் வேண்டியவை மலாயும் ஆங்கிலமும்தான். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையாக இருந்தால், அந்தப் பணத்தை ஆங்கிலப் பேச்சுக்குச் செலவிடுங்கள். தம்பிக்கு அந்த மொழியில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அது வேறு கதை.

ஏனென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவன் பிரெஞ்சைத்தான் பேசப் போகிறான். விமானத்தின் உடல் ஃபியூசலாஜ். இறக்கையின் ஓரத்தில் அசையும் தகடு எலரான், அதாவது சிறு சிறகு. இயந்திரத்தைச் சுற்றிய கூடு நசெல்; பிரெஞ்சில் அது சின்னப் படகு. விமானம் நிற்கும் ஹங்கார் கொட்டகையும் பிரெஞ்சுதான். 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த காலத்தில் பிரான்ஸ் இத்துறையில் முன்னணியில் இருந்தது. பெயர் வைக்கும் வேலையும் அவர்களிடம் போனது. நம் ஊர் மலாயில் சொல்லும் 'பகாசி'கூட டச்சு வழியாக வந்த பிரெஞ்சுச் சொல்தான்.

ஆபத்தில் விமானிகள் மூன்று முறை சொல்லும் 'மேடே' கதையும் இப்படித்தான். 1920களில் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த மோக்ஃபோர்ட் என்பவர் கண்டுபிடித்த சொல் அது. அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிசுக்கு அருகேயுள்ள லெ பூர்ஜேவுக்குப் போய்வந்ததால், 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சு ஒலியை ஒட்டி அமைத்தார். அவ்வளவு அவசரமில்லாத கோளாறுக்குச் சொல்லும் 'பான்-பான்', பழுது என்று பொருள்படும் 'பான்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

கெடா பிள்ளைக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. விமான நிலைய வானிலைக் குறிப்பில் புகைக்கு 'எஃப்.யு.' என்று போடுவார்கள். அது பிரெஞ்சின் 'ஃப்யுமே', புகை. லேசான மூடுபனிக்கு 'பி.ஆர்.', அது 'ப்ரூம்'. அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் எரிக்கும் நாட்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு எழுத்து மறக்காது.

இனி கவுண்டருக்கு வருவோம். பிரெஞ்சுப் பயணி ஒருவர் பதற்றத்தோடு வந்து நிற்கிறார். அவர் வாயில் 'வோல்' என்ற சொல் வருகிறது. வோல் என்றால் விமானப் பயணம். திருட்டுக்கும் அதே சொல்தான்! அடுத்து வரும் சொல்லைக் கவனிக்காவிட்டால், பை திருடுபோனவரை விமானம் புறப்படும் கதவுக்கு அனுப்பிவிடுவோம். தாமதம் என்பதற்கு 'ரெதார்' என்று சொல்ல வேண்டும். ஆங்கில 'டிலே' மாதிரி ஒலிக்கும் 'டெலே' பிரெஞ்சில் கால அவகாசம். 'கொரெஸ்பொந்தான்ஸ்' என்று கேட்பவர் கடிதம் தேடவில்லை, அடுத்து மாறிப் போக வேண்டிய விமானத்தைத் தேடுகிறார்.

எண்கள்தான் பெரிய தலைவலி. 97ஐப் பிரெஞ்சில் 'நான்கு இருபது, பத்து, ஏழு' என்று அடுக்கிச் சொல்வார்கள். விமான எண்ணைக் காதில் வாங்கும்போது 4, 20 என்று எழுத ஆரம்பித்தால் போச்சு. நாம் சிரிக்க முடியாது. தொண்ணூறு என்ற நம் சொல்லுக்குள் நூறு எப்படி வந்தது என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டால் நாமும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். வகுப்பில் பத்து மணி நேரம் இருந்தால், ஐந்தை எண்களுக்கே கொடுக்கச் சொல்வேன்.

ஆனால் விமானம் நிற்கும் தளத்தில் இறங்கியதும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டும். 2000 மே 25, அதிகாலை இருட்டு. பாரிஸ் சார்ல் டி கோல் விமான நிலையத்தில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் இறக்கை, ஓடுபாதையில் நுழைந்த சிறிய சரக்கு விமானத்தின் விமானி அறையை வெட்டியது. அதில் இருந்த துணை விமானி இறந்தார். கட்டுப்பாட்டாளர் பயணிகள் விமானத்துக்குப் புறப்பட அனுமதி கொடுத்தது பிரெஞ்சில். சரக்கு விமானத்தோடு பேசியது ஆங்கிலத்தில். சரக்கு விமானம் எங்கே நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளர் தவறாக நினைத்திருந்தார் என்பது முக்கியக் காரணம். இரண்டு மொழியில் பேசியதால், எதிரே ஒரு விமானம் வருகிறது என்பது அந்தச் சிறிய விமானத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனதையும் விசாரணை அறிக்கை சேர்த்தே சொன்னது.

இது பிரெஞ்சுக்கு மட்டும் உள்ள சங்கதியா என்ன? விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது நம்மவர் இருவர் வாக்கி-டாக்கியில் தமிழில் பேசிக்கொண்டால், மூன்றாவதாக நிற்கும் மலாய்த் தோழருக்கு எது காதில் விழும்? சக்கரத்தின் கீழே வைக்கும் அணைக்குப் பிரெஞ்சில் 'கல்' என்றுதான் உச்சரிப்பு. லாரிச் சக்கரத்துக்கு நாம் வைப்பதும் கல்தான். பொருத்தம் அழகு. அதைச் சாப்பாட்டு நேரத்தில் பேசி ரசிக்கலாம்.

பிரெஞ்சு இல்லாமல் நடக்காத இடங்கள் பாரிஸ், மொன்றியல், தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரீயூனியன் தீவு. அங்கே போகும் எண்ணம் இருந்தால் சொற்பட்டியல் போதாது, முழு மொழியும் வேண்டும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் முறையாகச் சேர்ந்து, 'டெல்ஃப்' தேர்வுகளைப் படிப்படியாக எழுதட்டும். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. நூறு ஆண்டுக்கு முன் சிலாங்கூரில் தோட்டம் போட்ட ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இங்கே வேலை நடத்துவதற்காக மலாயும் தமிழும் கற்றார். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசும் வாங்கினார். நம் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி எட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்று மட்டும் தம்பியிடம் சொல்லுங்கள். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். நமக்கு ஒரே 'ப', அவர்களுக்கு இரண்டு. ரொட்டியும் குளியலும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி 'பேன்' என்று வந்து நிற்கும். ரொட்டி கேட்டு வந்த பயணியைக் குளிக்க அனுப்பிவிடுவான்.