மூட்டில் தெரியும் வேலை

“அண்ணை, பேஸ்மென்றுக்கு நானே ட்ரைவோல் அடிக்கப்போறன். கட்டாயம் என்னென்ன சாமான் வேணும்?” ஸ்காபரோவில் புதிதாக வீடு வாங்கிய தம்பி ஒருவர் கடைக்குள் நின்றபடியே தொலைபேசியில் கேட்டார். பலகைகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டாராம். கத்திகளில் எதை விடலாம் என்பதுதான் அவருடைய யோசனை. எதையும் விடவேண்டாம் என்றேன்.

வழக்கமான பலகை 4 அடி அகலம், 8 அடி நீளம், அரை அங்குலத் தடிப்பு. ஏறக்குறைய 50 இறாத்தல் இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும். வெட்டுவதற்கு வாள் தேவையில்லை. டி வடிவ மட்டத்தை வைத்து முன்பக்கக் கடதாசியைக் கத்தியால் கீறிவிட்டுப் பின்னால் மடக்கினால் உள்ளிருக்கும் ஜிப்சம் நேராக முறியும். பிறகு பின்பக்கக் கடதாசியை வெட்டவேண்டியதுதான். மழுங்கிய அலகு கடதாசியைப் பிய்க்கும். ஆகவே மாற்று அலகுகள் ஒரு பெட்டி வேண்டும். பிளக் பெட்டிகளுக்குத் துளை போட மட்டும் கூர்முனைச் சிறுவாள்.

மரச் சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குல, அகன்ற புரி ஸ்குரூ. உலோகச் சட்டத்துக்கு நெருக்கமான புரி. ட்ரில்லில் போடும் ட்ரைவோல் முனையைத் தனியாக வாங்குங்கள். நான் முதல் அறையைச் சாதாரண முனையால் அடித்தேன். ஸ்குரூத் தலைகள் கடதாசியைக் கிழித்துக்கொண்டு ஜிப்சத்துக்குள் இறங்கின. பலகையைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கடதாசிதான். அது கிழிந்தால் பிடிப்பும் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு ஸ்குரூ அடிக்கவேண்டி வந்தது.

பேஸ்மென்றில் பலகை தரையைத் தொடக்கூடாது. கொங்கிறீற்றின் ஈரத்தைக் கடதாசி உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும். காலால் மிதித்துப் பலகையை உயர்த்தும் சிறு நெம்பு ஒன்று இருந்தால் அரை அங்குல இடைவெளி விடுவது இலகு. அந்த இடைவெளியை அடிப்பலகை மறைத்துவிடும்.

இனித்தான் பூச்சுக் கத்திகள். பலகையின் நீள ஓரங்கள் சற்று மெலிந்திருக்கும். இரண்டு பலகை சேரும் இடத்தில் ஆழமில்லாத பள்ளம் ஒன்று வரும். அதில் பூச்சுத் தடவி, கடதாசி டேப்பைப் பதித்து, 6 அங்குலக் கத்தியால் அழுத்தி இழுக்கவேண்டும். நன்றாகக் காய்ந்ததும் 10 அங்குலக் கத்தியால் இரண்டாவது பூச்சு, அதுவும் காய்ந்தபின் 12 அங்குலக் கத்தியால் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பூச்சு அகலவேண்டும், ஓரம் மெலியவேண்டும். ஒரே சிறிய கத்தியால் மூன்றையும் முடித்தால் மூட்டு முதுகெலும்பு போலப் புடைத்து நிற்கும். வாளியில் கலந்தே வரும் பூச்சு காய ஒரு நாளாவது விடுங்கள், அவசரப்பட்டால் வெடிக்கும்.

தேய்க்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கலாம்; அது நுரையீரலுக்குக் கேடு. என்95 முகக்கவசம் இல்லாமல் தேய்க்கத் தொடங்கவேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈரப் பஞ்சால் தேய்ப்பது இன்னும் நல்லது.

தம்பி மூன்று கத்திகளும் வாங்கிவிட்டார். அவருக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான்: பெயின்ற் அடிக்க முன் அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழும் இடமெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். கடைசி வட்டமும் சரியான பிறகு பெயின்ற் வாளியைத் திறவுங்கள்.