தலைகீழாக்கினாலும் மாறாத கோடு

(மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணக்கு என்றாலே கசப்பு என்போர் நம்மிடையே மிகுதி. அக்கசப்புக்குக் காரணம் கணக்கன்று. பாராமலேயே படிக்கும் நம் பழக்கந்தான் என்பது என் கருத்து. ‘ஒற்றைச் சார்பு’ என்னும் சிறு பாடத்தைக் கொண்டே இதை விளக்க விழைகிறேன்.

ஓர் எண்ணின் குறியை மாற்றி இட்டால் விடையும் குறி மட்டும் மாறி வருமாயின், அது ஒற்றைச் சார்பு. விடை சற்றும் மாறாதிருந்தால் இரட்டைச் சார்பு. முதலாண்டில் இவ்வரையறைகளைப் பிசகின்றி ஒப்பித்தவன் நான். ஆயினும் தேர்வில் நடந்தது என்ன? எக்ஸின் கனத்தைக் கொசைன் எக்ஸால் பெருக்கி, −1 முதல் 1 வரை தொகை காணச் சொல்லியிருந்தார்கள். பகுதி பகுதியாகத் தொகையிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நடுவே குறியில் தவறி, ஏதோ ஓர் எண்ணில் வந்து நின்றேன். என் நண்பனோ, “ஒற்றைச் சார்பு, ஆகவே பூச்சியம்” என்று ஒரே வரியில் முடித்திருந்தான்!

அன்று மாலை வரைபடத் தாளில் எக்ஸின் கனத்தை வரைந்து பார்த்தேன். 2-க்கு 8, −2-க்கு −8. ஆதிப்புள்ளியில் பென்சில் முனையை ஊன்றி, தாளை அரைச் சுற்றுத் திருப்பினேன். தாள் தலைகீழாயிற்று, கோடு மட்டும் அப்படியே இருந்தது. வலப்புறம் அச்சுக்கு மேலே எவ்வளவு பரப்போ, இடப்புறம் அச்சுக்குக் கீழே அவ்வளவே. வரவும் செலவும் சரி, இருப்பு பூச்சியம். நண்பனின் ஒற்றை வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சார்புகளை ஒற்றை, இரட்டை என்று பிரித்துப் பெயரிட்டவர் கணித மேதை ஆய்லர் (1707–1783). எக்ஸின் 1, 3, 5 ஆகிய அடுக்குகள் ஒற்றை. 2, 4, 6 ஆகியவை இரட்டை. பெருக்கும்போது அடுக்குகள் கூடும் அல்லவா? ஆகவே ஒற்றைச் சார்பை ஒற்றைச் சார்பால் பெருக்கினால் இரட்டைச் சார்பு கிடைக்கும். எண்களிலோ 3-ஐ 5-ஆல் பெருக்கினால் வரும் 15 ஒற்றையே. எண்களில் ஒற்றையல்லாதது இரட்டை. சார்புகளில் எக்ஸுடன் 1-ஐக் கூட்டினால் வருவது இரண்டுமன்று. பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

நானும் மறுபடி ஏமாந்தேன். புது உற்சாகத்தில், 1-ஐ எக்ஸால் வகுத்து −1 முதல் 1 வரை தொகையிடும் கணக்குக்கும் ‘பூச்சியம்’ என்று எழுதினேன். “பூச்சியத்தில் இச்சார்பு எங்கே இருக்கிறது?” என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார் விரிவுரையாளர். அங்கே அது வரையறுக்கப்படவே இல்லை. இருபுறமும் பரப்பு எல்லையின்றி விரிகிறது. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்துப் பூச்சியம் என்று சொல்ல ஒண்ணுமோ? வரையறையை மனப்பாடம் செய்தது போலவே குறுக்குவழியையும் மனப்பாடம் செய்திருக்கிறேன் என்று வெட்கினேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: வரையறைக்கு முன் ஒரு படம் வரையுங்கள். மாணவ நண்பர்களே, நோட்டுப் புத்தகத்தை ஒரு முறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மதிப்பெண் பிறகு வரும். முதலில் கண் திறக்கட்டும்.