கண்டவர் கீஷ், பதிவேட்டில் கார்மேக்

கனடாவின் வடமேற்கு மூலையில் யூகான் என்றொரு பகுதி. அங்கே க்ளோண்டைக் ஆற்றில் வந்து சேரும் ஓர் ஓடையில் 1896 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டுச் சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். கண்டுபிடித்தது யார்? வெகுகாலம் சொல்லப்பட்ட பதில், ஜார்ஜ் கார்மேக் என்ற வெள்ளையர். உடன் இருந்தவர்கள்? 'இரண்டு இந்தியர்கள்.' அவ்வளவுதான்.

அந்த இருவரில் ஒருவரின் பெயர் கீஷ். தாகிஷ் பழங்குடியைச் சேர்ந்தவர். வெள்ளையர்கள் அவரை 'ஸ்கூகும் ஜிம்' என்றார்கள். ஸ்கூகும் என்றால் பலசாலி. சில்கூட் கணவாயில் 156 பவுண்டு, அதாவது சுமார் 71 கிலோ சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறியவர் அவர். சுமை தூக்கினார், வேட்டையாடினார், மரம் வெட்டினார், ஓடை ஓடையாகத் தங்கம் தேடினார். அந்த 1896 கோடையில்கூட ஃபோர்ட்டிமைல் மர அறுவை ஆலைக்கு ஆற்றில் மிதக்கவிட மரம் வெட்டுவதுதான் திட்டம். இன்னொருவர் அவருடைய சகோதரி மகன் டாசன் சார்லி. கார்மேக், கீஷின் சகோதரி ஷா த்லாவின் கணவர்.

ராபர்ட் ஹெண்டர்சன் என்ற இன்னொரு வெள்ளையரும் அப்பக்கம் தங்கம் தேடிக்கொண்டிருந்தார். கார்மேக் வரலாம், இந்தியர்கள் என் ஓடையில் முளையடிக்கக் கூடாது என்றார். பிறகு கீஷும் சார்லியும் காசு கொடுத்துப் புகையிலை கேட்டபோது விற்க மறுத்தார். தோழர்களே, காசை நீட்டியும் பொருள் மறுக்கப்படுவதன் பொருளை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சில நாட்களில் தங்கம் கிடைத்தது. ஹெண்டர்சனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

முதலில் கண்டவர் கீஷ்தான் என்று அவரும் சார்லியும் சொன்னார்கள். அதைக் கேட்டு எழுதி வைத்தவர் அரசு நில அளவையாளர் வில்லியம் ஓகில்வி. கண்டுபிடித்தவருக்கு இரண்டு நிலத்துண்டு, மற்றவர்களுக்கு ஒன்று என்பது விதி. ஓர் இந்தியரைக் கண்டுபிடிப்பாளர் என்று எவரும் ஏற்கமாட்டார்கள் என்று வாதாடி, அந்த இரண்டையும் கார்மேக் தன் பெயரில் பதிந்தார்.

'கீஷே ஒப்புக்கொண்டாரே' என்று சொல்பவர்கள் உண்டு. பதிவு அலுவலகத்தின் கதவு உனக்குத் திறக்காது என்று சொல்லி வாங்கிய ஒப்புதல் என்ன ஒப்புதல்? 'அவரும் பணக்காரர் ஆனாரே' என்பார்கள். ஆனார். தன் பங்கு நிலத்தில் அவருக்கும் தங்கம் கிடைத்தது. நாம் கேட்பது பங்கை அல்ல, பெயரை. புகையிலை விற்க மறுத்த ஹெண்டர்சனுக்குக் கனடா அரசு இணைக் கண்டுபிடிப்பாளர் என்று மாதம் 200 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. அந்த ஓடையில் அவர் தங்கம் எடுக்கவே இல்லை.

தாகிஷ் மூதாட்டி ஏஞ்சலா சிட்னி சொன்ன கதை வேறு. கீஷ் தங்கத்துக்காக வடக்கே போகவில்லை. போய் வெகுநாளாகச் செய்தி வராத சகோதரியைத் தேடிப் போனார். அந்தச் சகோதரியைக் கார்மேக் 1900-இல் கைவிட்டார். வழக்குத் தொடுத்தும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு ஊரில் வீடு கட்டிக் கொடுத்தது கீஷ்தான்.

இதையும் மறைக்கக் கூடாது: அந்தத் தங்கம் இன்னொரு பழங்குடியின் வாழ்வைக் குலைத்தது. க்ளோண்டைக் முகத்துவாரத்தில் தலைமுறைகளாக மீன்பிடித்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தங்கள் இடத்தை இழந்து, ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைடுக்குப் போக நேர்ந்தது. கீஷைப் போற்றுகிறோம் என்று அவர்களை மறந்தால் நாமும் ஒரு பதிவேட்டைத் திருத்தி எழுதுகிறோம் என்றே பொருள்.

கீஷ் 1916-இல் இறந்தார். யூகான் பழங்குடி மக்களுக்காக ஓர் அறக்கட்டளைக்குப் பணம் எழுதி வைத்திருந்தார். வொயிட்ஹார்ஸ் நகரில் அவர் பெயரில் ஒரு மையம் இன்றும் இயங்குகிறது.

'அதிர்ஷ்டசாலி இந்தியர்' என்று அவரை எழுதுவதை ஏற்காதீர்கள். அந்த மண்ணில் நடந்து, சுமந்து, வெட்டிப் பழகிய கண்தான் அந்தத் தங்கத்தைக் கண்டது. உழைப்பவரின் அறிவை அதிர்ஷ்டம் என்றும், பேனா பிடித்தவரின் கையெழுத்தைக் கண்டுபிடிப்பு என்றும் வரலாறு எழுதியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த விடுமுறையில் உட்காருங்கள். அவர்கள் செய்த வேலையை, இடத்தை, ஆண்டை, பெயரோடு எழுதி வையுங்கள்.