எஞ்சின் ஓடவில்லை என்றால் பிள்ளையை ஏசாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. லண்டனிலோ வேறு நாட்டிலோ சொந்தக்காரர் உள்ள வீடுகளில் கட்டாயம் வாசியுங்கள்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குக் கோச்சிப் பைத்தியம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில்தான் ரயில் பாதை ஓடுகிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் குறைந்தவர்கள் இல்லை. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், நிலக்கரி எஞ்சின் படத்தைக் கொப்பியின் பின்பக்கம் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்படுகிற மாமாவோ சாச்சாவோ பெருநாளுக்கு ஒரு மொடல் நீராவி எஞ்சினை வாங்கி அனுப்புகிறார். பெட்டியில் "ரெடி டு ரன்" என்று இருக்கும். அதாவது எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தால் ஓடவேண்டும்.

பல வீடுகளில் அது ஓடுவதில்லை. அல்லது நாலு நாள் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே நாம் கேட்கும் கேள்வி: "என்னடா செஞ்ச?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் பிள்ளை ஒன்றும் செய்திருக்க மாட்டான்.

முதலில் இந்தச் சாமான் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பார்க்க நீராவி எஞ்சின், உள்ளே இருப்பது 12 வோல்ட் மோட்டார். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் வரும். அதைச் சக்கரம் எடுக்கும். சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மயிர்போன்ற செப்புத் தகடு மோட்டாருக்குக் கொடுக்கும். ஒரு பக்கத் தகடு சக்கரத்தைத் தொடாவிட்டால் கதை முடிந்தது. இரண்டு மில்லிமீற்றர் வளைவு போதும். தொழிற்சாலையிலேயே அப்படி வளைந்து வருவதும் உண்டு.

நீராவி எஞ்சினில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான டீசல் மொடல்களில் வெளியே இப்படி அசைகிற தண்டுகள் இல்லை. நீராவி மொடலில் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கத் தண்டு மேலே நிற்கும்போது மறுபக்கத் தண்டு கால் சுற்று, அதாவது 90 பாகை, தள்ளி நிற்கவேண்டும். எல்லா அச்சிலும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஒரு சக்கரம் அச்சில் கொஞ்சம் வழுக்கினாலும் தண்டு இறுகும், எஞ்சின் நொண்டி நொண்டிப் போகும், கடைசியில் நின்றுவிடும்.

இது கற்பனைக் குறை இல்லை. 1970களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் மெயின்லைன் என்ற பெயரில் வந்த நீராவி மொடல்களில் அச்சை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயால் இணைத்திருந்தார்கள். பிறகு பக்மன் கொம்பனியின் ஆரம்ப கால மொடல்கள் சிலவும் அதே அமைப்பில் வந்தன. காலம் போகப் போக அந்தக் குழாய் வெடிக்கும், சக்கரம் வழுக்கும், தண்டு இறுகும். லண்டனில் "நல்ல மலிவு" என்று பழைய எஞ்சின் வாங்கி அனுப்புபவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

உலோகத்திலும் குறை வரும். எஞ்சினின் அடிச்சட்டம் நாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்ப்பது. அந்த நாகத்தில் ஈயம் கொஞ்சம் கூடிவிட்டால், வருடங்கள் போக உள்ளுக்குள்ளேயே வெடித்து, ஊதி, கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஹோன்பி எஞ்சின்களின் சக்கரங்கள் இதற்குப் பேர்போனவை. தூய நாகம் பாவித்தால் இது வராது என்று 1920களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் 2000க்குப் பிறகு செய்த சில மொடல்களிலும் இதே நோய் வந்தது. பெட்டியை விட்டு வெளியே எடுக்காத எஞ்சினுக்கும் இது வரும். இதில் பிள்ளையின் கைக்கு என்ன பங்கு?

இன்று ஒரு பெரிய நீராவி மொடலின் விலை 200 பவுணைத் தாண்டுகிறது. எங்கள் காசில் அது பெரிய தொகை. அந்தக் காசு எங்கே போகிறது? ஆணித் தலை, கைபிடிக் கம்பி, சாரதி அறைக்குள் மணிக்கூடு போன்ற குழாய் முகங்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளைக் கையால் பொருத்துகிறவர்களின் திறமையையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் மணிக்கூடு முகம் தெளிவாகவும் சக்கரம் நொண்டியாகவும் இருந்தால் அது அலுமாரிச் சாமான். "ஓடத் தயார்" என்று எழுதி விற்கக்கூடாது என்பதே என் கருத்து.

என்னிடம் படிக்கும் எட்டாம் தரப் பையன் ஒருவனுக்கு இப்படி ஓர் எஞ்சின் வந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. வாப்பா நன்றாக ஏசிவிட்டார். அதற்குப் பிறகு விஞ்ஞானப் பாடத்தில் மின்சுற்று செய்முறைக்கு அவன் வயரைத் தொடவே மாட்டான். "நான் தொட்டா உடைஞ்சிடும் சேர்" என்றான். பிறகு அந்த எஞ்சினைக் கொண்டுவரச் சொல்லி, அவனும் நானுமாகக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒரு பக்கச் செப்புத் தகடு சக்கரத்தைத் தொடவே இல்லை. ஊசியால் மெதுவாக வளைத்தான். ஓடியது. எஞ்சினைத் திருத்த ஐந்து நிமிடம். அந்தப் பிள்ளையின் கைக்குத் திரும்ப நம்பிக்கை வர ஒரு தவணை முழுக்கப் போனது.

இனி வாங்குபவர்களுக்குச் சில விஷயம்.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் குறையாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். நாம் என்ன செய்கிறோம்? மாமா வாங்கி, பெட்டியைத் திறக்காமல் கப்பல் பார்சலில் போட்டு, அது இங்கே வந்து, பெருநாள் வரை ஒளித்து வைத்துத் திறக்கும்போது அந்த 30 நாள் எப்போதோ போய்விட்டது. ஆகவே மாமாவிடம் சொல்லுங்கள்: வாங்கிய இடத்திலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

இங்கே பழையது கைமாற்றுபவர்களுக்கும் ஒரு சொல். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அதற்கும் முன்னால், குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் என்ன என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு ஃபிக்ஹில் தனிப் பாடமே உண்டு. "ஓடும், ஆனா கொஞ்சம் நொண்டும்" என்று சொல்லி விலையைக் குறைத்து விற்பதில் என்ன நட்டம்?

ஓடாத எஞ்சினை எறியவும் வேண்டாம். முதலில் தண்டவாளத்தைத் துடையுங்கள். கடல் காற்று படும் வீடுகளில் அதில் கறுப்புப் படலம் சீக்கிரம் பிடிக்கும். பார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். அரத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் இன்னும் அழுக்குச் சேரும். பிறகு எஞ்சினைக் கவிழ்த்து, 9 வோல்ட் பற்றரியிலிருந்து இரண்டு வயரை இடது வலது சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். (டிஜிட்டல் சிப் உள்ளதற்கு இது வேண்டாம்.) சக்கரம் சுற்றினால் குறை தண்டவாளத்தில் அல்லது கொன்ட்ரோலரில். சுற்றாவிட்டால் செப்புத் தகட்டைப் பாருங்கள். எண்ணெய் ஒரு ஊசி முனைத் துளி போதும். கூடினால் சக்கரத்துக்குப் போய் மின்சாரத்தைத் தடுக்கும்.

இந்த வேலைகளைப் பிள்ளையை வைத்தே செய்யுங்கள். கொழும்பில் மணிக்கூடு, ரேடியோ திருத்திய பழைய கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. அந்தக் கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டுமானால் பிள்ளைகளின் கையில் ஸ்குரூ டிரைவர் இருக்கவேண்டும், மனதில் பயம் இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஓடாமல் கிடக்கும் எஞ்சின் இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன குறை என்று படத்தோடு போடுங்கள். தெரிந்த நானாமார் பதில் சொல்லட்டும். அதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன்ட பிழை இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.