அம்பு நெளிந்துதான் போகும்: ஒரு வாத்தியாரின் திருத்தம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு, திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். வில்லிலிருந்து அம்பு புறப்படுவதை மிக மெதுவாக ஓட்டிக் காட்டும் படம். அம்பு பாம்பு மாதிரி நெளிகிறது. ஒரு பக்கம் வளைந்து, அடுத்த கணம் மறுபக்கம் வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. "அம்பு உடைஞ்சு போச்சா தாத்தா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1989ஆம் வருடம், வெள்ளிமலையில் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு இயக்க விதிகள் பாடம். விசை எந்தத் திசையிலோ பொருளும் அந்தத் திசையில் என்று சொல்லி, கரும்பலகையில் ஒரு வில்லும் நேராக ஓர் அம்பும் வரைந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "சார், அம்பு நேரா போவாது சார். நெளிஞ்சி நெளிஞ்சிதான் போவும். எங்க தாத்தா சொல்லுவாரு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "உங்க தாத்தா நியூட்டனுக்கே பாடம் எடுப்பாரோ?" என்று கேட்டு, மணி அடிக்கும் வரை நிற்க வைத்தேன். அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. பத்தாவது முடித்ததும் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எனக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அவன் சொன்னது சரி. ஏன் சரி என்று இப்போதாவது பாடம் நடத்துகிறேன்.

மூங்கில் வில்லை இடக்கையில் பிடித்தால் அம்பு வில் தண்டின் இடப்பக்கம் உட்காரும். நாண் மட்டும் தண்டின் நடுக்கோட்டை நோக்கித்தான் திரும்பி வரும். ஆக, அம்பின் முனை நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் அளவு விலகியே இருக்கிறது. முழுக்க இழுத்துப் பிடிக்கும்போது அம்பின் வால் தண்டிலிருந்து 70 செ.மீ. பின்னால் இருக்கும். அப்போது இந்த விலகல் 1 டிகிரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நாண் பழைய இடத்துக்கு வரும்போது அந்த 70 செ.மீ. 16 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். கோணம் 5 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். இரும்புக் கம்பி போல வளையாத அம்பாக இருந்தால் வில் தண்டு அதை இடப்பக்கம் தள்ளிவிடும். அந்தக் கோணத்திலேயே போனால் 30 மீட்டர் தூரத்தில் குறியைவிட்டு இரண்டரை மீட்டருக்கும் மேல் தள்ளி விழும்.

குறி தப்பாமல் காப்பாற்றுவது அம்பின் நெளிவுதான். நாண் பின்னாலிருந்து பலமாகத் தள்ளுகிறது, முனையின் கனம் முன்னால் தயங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் குச்சி வளைகிறது. விரலிலிருந்து நாண் நழுவும்போது கிடைக்கும் பக்கவாட்டு அசைவும் சேர்ந்துகொள்கிறது. அம்பின் நடுப்பகுதி முதலில் வில் பக்கம் அழுந்துகிறது, பிறகு எதிர்ப்பக்கம் புடைத்து விலகுகிறது. வால் கடக்கும் நேரத்தில் அது தண்டைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு விநாடியில் 50இல் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் அதிர்ந்து, அடங்கி, அம்பு குறியை நோக்கிப் போகிறது.

வெறும் கண்ணுக்கு இது தெரியாது. 1930களில் அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேக சினிமா கேமராவில் படம் பிடித்துக் காட்டினார். வெள்ளைக்காரர்கள் இதற்கு 'வில்லாளியின் முரண்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாத்தாவிடம் கேமரா கிடையாது. ஆனால் அவர் அம்பு தேர்ந்தெடுக்கும் விதத்தை ஒருநாள் நானே பார்த்திருக்கிறேன். நாணல் குச்சியின் இரண்டு முனையையும் பிடித்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்துவார். "இது மொரண்டு புடிக்கும்" என்று ஒன்றைத் தள்ளுவார். "இது தொவளும்" என்று இன்னொன்றையும் தள்ளுவார். பத்துக்கு மூன்று குச்சிதான் தேறும். ஏதோ பெரியவர் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு மர அம்பு செய்பவர்கள் செய்யும் சோதனையும் இதேதான். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அதன்மேல் குச்சி. நடுவில் 2 பவுண்டு எடை. அரை அங்குலம் அளவுக்குத் தொய்ந்தால் அது சுமார் 50 பவுண்டு இழுப்புள்ள வில்லுக்கு ஏற்ற அம்பு. வலக்கையால் இழுப்பவருக்கு, குச்சி விறைப்பாக இருந்தால் அம்பு இடப்பக்கம் போகும், துவண்டால் வலப்பக்கம் போகும். நல்ல குச்சி, கெட்ட குச்சி என்று பொதுவாக எதுவும் கிடையாது. எந்த வில்லுக்கு எந்தக் குச்சி என்பதுதான் கேள்வி. 'மொரண்டு', 'தொவளும்' என்ற அந்த இரண்டு சொல்லில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. பி.எஸ்சி., பி.எட். படித்த எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மலைப் பள்ளிகளில் மூங்கில் வில்லையும் நாணல் அம்பையும் அறிவியல் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும். விளையாட்டு மைதானத்துக்கும் கொண்டுவர வேண்டும்.

பழங்குடிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் வெள்ளிமலையிலும் ஒன்று இருக்கிறது. ஏகலைவன் கதை எல்லோருக்கும் தெரியும். தானாகக் கற்றவனிடம் குரு கட்டைவிரலைக் கேட்டார். நான் ஒரு பையனின் வாயை அடைத்தேன். பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு எதிர்ப்புகள் வரும் என்று தெரியும்.

முதலாவது, "சார் வேட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாரா?" இல்லவே இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அது அப்படியே இருக்கட்டும். வைக்கோல் கட்டு போதும் நமக்குக் குறி பார்க்க.

இரண்டாவது கேள்வி நியாயமானது. "மலைப் பிள்ளை என்றால் வில்லா? அவன் டாக்டர், இன்ஜினியர் ஆக வேண்டாமா?" இதை என் மாணவி ஒருத்தியே கேட்டாள். ஆகட்டும் அம்மா, அதற்குத்தான் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் மீட்சிப் பண்பும் யங் குணகமும் வருகிறதே, அதை மனப்பாடம் செய்யாமல் கையால் தொட்டுப் படிக்க இதைவிட மலிவான கருவி எது? இரண்டு செங்கல், ஒரு நாணல், ஒரு எடைக்கல், ஒரு ஸ்கேல். தாங்கிகளின் இடைவெளியை இரண்டு மடங்கு ஆக்கினால் தொய்வு எட்டு மடங்கு ஆகும். குச்சியின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு ஆகும். பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்கட்டும். இன்ஜினியர் ஆகப் போகிறவன் பாலத்தின் உத்தரத்தைக் கணக்குப் போடுவதும் இதே விதியால்தான்.

விளையாட்டில் வழி இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ராஜஸ்தான் உதய்ப்பூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் மூங்கில் வில் பிடித்த லிம்பா ராம் 1987இல் தேர்வாகி, மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1992 பீஜிங் ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்தார். மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்ற பிரிவு தேசியப் போட்டிகளில் இருக்கிறது. விலை உயர்ந்த வில் வாங்கித் தந்தால்தான் தொடங்க முடியும் என்பதில்லை.

நம் தமிழுக்கும் அம்பு புதிதல்ல. பக்கத்துக் கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை பாய்ந்ததை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வள்ளுவர், அம்பு பார்க்க நேர், செயலில் கொடிது என்பார். நானும் பார்க்க நேராக நின்றுதான் அன்றைக்கு அந்தப் பையனைக் காயப்படுத்தினேன்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களிடம் ஒரே வேண்டுகோள். "எங்க தாத்தா சொல்லுவாரு" என்று ஒரு பிள்ளை எழுந்தால் உட்கார வைக்காதீர்கள். தாத்தா சொன்னது தப்பாகவும் இருக்கலாம். அதை அளந்து பார்த்துச் சொல்லுங்கள். அளக்காமல் சிரித்தது என் தவறு.

அந்தப் பையனுக்கு நேற்று போன் செய்தேன். ஊரிலேயே மரவள்ளி போட்டிருக்கிறான், அவன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா பொண்ணுகிட்ட சொல்லணும் சார், தாத்தா சொன்னது சரிதானாம்னு" என்றான்.

ஞாபகம் இருந்திருக்கிறது.

அடுத்த மாதம் கச்சிராயப்பாளையம் வழியாக மேலே வருகிறேன். செங்கல்லும் எடைக்கல்லும் நான் கொண்டுவருகிறேன், நாணல் அங்கேயே கிடைக்கும். வர முடிந்தவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் வாத்தியார்